ஐநூறு சொற்களுக்குள் இசக்கி

சிறு வயது முதலே நீதியின்மீது எனக்குத் தணியாத தாகம் இருந்து வந்துள்ளது, என்று ஆரம்பித்திருக்கிறேன். ஆரம்பித்தது சாட்சாத் நானேதான். ஜெபசீலி, வயது இருபத்தெட்டு, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், லீவு நாட்களில் கபடி நடுவர், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலின் மொட்டைமாடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவள். சிறு வயதில் எனக்குத் தாகம் இருந்ததெல்லாம் பன்னீர் சோடாமீதுதான். அதுவும் கோலி உருளுகிற சத்தத்துக்காக. இதை எழுத முடியுமா, முடியாது, எழுதினால் சட்டக் கல்லூரியில் யார் சேர்ப்பார்கள். மூன்று வருஷப் படிப்பு, மார்க் ஷீட் போதாது, கட்டுரை வேண்டும் என்கிறார்கள். நீங்கள் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ, ஐநூறு சொற்களுக்குள். இன்று மதியம் இரண்டு மணிக்கு விண்ணப்பிக்கிற அந்த இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள். என்னிடம் நானூற்று எண்பத்திரண்டு சொற்கள் இருக்கின்றன, எல்லாம் நல்ல சொற்கள், இஸ்திரி போட்ட சொற்கள். காலையில் முபீனாவிடம் காட்டினேன். முபீனா என் அறைத்தோழி, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் வாசித்துவிடுவாள், இதையும் அப்படித்தான் வாசித்தாள், இட்லியை மென்றுகொண்டே. முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு ஜெபா. பேர மட்டும் மாத்துனா நானும் அனுப்பிரலாம், எங்க மொதலாளியும் அனுப்பிரலாம்,” என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்தபிறகுதான் வலித்தது.

சோப்பு நுரை லேப்டாப்பில் படக்கூடாது, அதைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கவிழ்த்த வாளிமேல் வைத்திருக்கிறேன், நனைந்த கையோடு தொடக்கூடாது என்பதால் கண்ணால் மட்டும் வாசிக்கிறேன், வாசிக்க வாசிக்க டிராக் பேண்ட்டை அடிக்கிற அடி பலமாகிறது. இரண்டாவது பத்தியில் ஒரு ஏழைத்தாய் வருகிறாள். கண்ணீர் மல்க வருகிறாள். யார் இந்த அம்மா. பட்டா மாற்றுகிறதற்காகத் தாலுகா ஆபீஸில் நின்ற ஒரு அம்மாவை நான் பார்த்தது உண்மை, ஆனால் அந்த அம்மா அழவில்லை, வரிசையில் எனக்கு முன்னால் நின்று முறுக்குத் தின்றாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள், உள்ளே போய் அந்த கிளார்க்கை அவளே ஒரு பிடி பிடித்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் செய்ததெல்லாம் முறுக்குத் தின்றதுதான். கட்டுரையில் அவளை அழவைத்து நான் கண்ணீரைத் துடைத்திருக்கிறேன். இது அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் என்னையும் ஒரு பிடி பிடிப்பாள். மூன்றாவது பத்தியில் சமுதாயம் இரண்டு தடவை, விளிம்புநிலை ஒரு தடவை, நான்காவதில் சூளுரைக்கிறேன். என் ஜென்மத்தில் நான் சூளுரைத்ததில்லை. டிராக் பேண்ட் மூன்றும் முடிந்தது, அடுத்தது நடுவர் சட்டை, வெள்ளை டி-ஷர்ட், காலரில் செம்மண் கறை, பிரஷ்ஷால் தேய்த்தாலும் போகாது, வெள்ளையில் செம்மண் போகாது, செம்மண்ணில் வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும், விரல் நுனியில் ஒட்டினால்கூடத் தெரியும். இல்லை. அது வேண்டாம். வேறு நினை. நாளைக்கு எட்டாம் வகுப்புக்கு உயரம் தாண்டுதல், கம்பியைக் காணோம் என்று வாட்ச்மேனிடம் சொல்லவேண்டும், கம்பி, கம்பி எங்கே, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கலாம். விரல் நுனியில் வெள்ளை. சரி, வந்துவிட்டது. வந்தால் போகாது, மூன்று வருஷமாக இப்படித்தான், பஸ்ஸில் வரும், பிரேயரில் வரும், பல் தேய்க்கும்போது பேஸ்ட்டைப் பார்த்தால் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசம், சங்கரன்கோவில் பக்கம், கரிசல்பட்டிக்கும் இலந்தைகுளத்துக்கும் பெண்கள் அரையிறுதி. செம்மண் ஆடுகளம், சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு. நான் ஒரு பக்கத்து அம்பயர், எதிர்ப்பக்கம் பாக்கியநாதன் சார், முப்பது வருஷமாக விசில் ஊதுகிறவர். கரிசல்பட்டி ஒரு பாயின்ட் பின்னால். கடைசி ரெய்டு. பாடிப் போகிறவள் இசக்கி, பத்தொன்பது வயது, ஒல்லி, கால் மட்டும் நீளம், அவள் போவதைப் பார்த்தால் எங்கேயோ அவசர வேலையாகக் கிளம்பியவள் மாதிரி இருக்கும். இரண்டு பேரைத் தொட்டுவிட்டாள். திரும்பும்போது ஒருத்தி காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பை, மூன்றாவது ஆள் மேலே விழுந்தாள், பிறகு எல்லோரும் விழுந்தார்கள், அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டைப் பார்த்து நீண்டது. கோட்டை ஒரு விரல் தொட்டிருந்தால் போதும், அவள் பக்கம் ஜெயம். தொட்டதா. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு முழங்கை மறைத்தது. யாருடைய முழங்கை என்றுகூட இன்றைக்குச் சொல்வேன், இலந்தைகுளம் நாலாம் நம்பர், பச்சை வளையல். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம் என்று விதியிலேயே இருக்கிறது, எதிர்ப்பக்க அம்பயரைக் கேட்கலாம், மேல் நடுவரான ரெப்ரியிடம் போகலாம். ஆயிரம் பேர் சுற்றி நின்று கத்தும்போது தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும், அதுவும் அந்த மைதானத்தில் விசில் வைத்திருக்கிற ஒரே பொம்பளைக்கு. ஊதினேன். அவுட் என்றேன். ஆட்டம் முடிந்தது. குவியல் கலைந்தது, இசக்கி எழுந்தாள், முகம் முழுக்க மண், என்னிடம் வந்தாள், வலதுகை நடுவிரலை மட்டும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நுனியில் வெள்ளை. சுண்ணாம்பு. பார்த்தேன். அரை நிமிஷம் பார்த்திருப்பேன். பிறகு திரும்பி இலந்தைகுளத்தின் பக்கம் கையைத் தூக்கினேன்.

இதை எழுதலாமே. தப்பாகத் தீர்ப்புச் சொன்னேன், தப்பு என்று தெரிந்தும் மாற்றவில்லை, ஆகவே என்னைச் சட்டம் படிக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கவே லட்சணமாக இருக்கிறது. யாராவது ஒரு பேராசிரியர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு வாசிப்பார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டுவார், இரண்டு பேரும் டீ குடிப்பார்கள், கட்டுரை நிராகரிப்புக் கட்டுக்குப் போகும். இருந்தாலும் உண்மையைச் சொல்லப்போனால் எல்லாம் அந்த விரலிலிருந்துதான் ஆரம்பித்தது. அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது பையிலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்தேன், நான் செய்தது சரி என்று எங்கேயாவது ஒரு வரி இருக்காதா என்று தேடினேன், இல்லை, ஆனால் தேடிக்கொண்டே போனதில் அந்தப் புத்தகம் பிடித்துப்போய்விட்டது. ‘அல்லது’ என்று ஒரு சொல் இருந்தால் என்ன ஆகும், ‘மற்றும்’ என்று இருந்தால் என்ன ஆகும். கதைப்புத்தகம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். கபடி விதி முடிந்ததும் பள்ளிக்கூட சர்வீஸ் விதி, அதன்பிறகு ஹாஸ்டல் விதி, ஒன்பதரைக்கு கேட் பூட்டப்படும் என்று இருக்கிறதே தவிர பூட்டியபின் திறக்கக்கூடாது என்று இல்லையே என்று வார்டனிடம் கேட்டது நான்தான். இப்போது பத்தேகால் வரைக்கும் திறக்கிறார்கள். இதெல்லாம் கட்டுரையில் இல்லை. கட்டுரையில் தாகம்தான் இருக்கிறது. கைகளைப் பாவாடையில் துடைத்தேன். லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் செலக்ட் செய்து அழித்தேன், ஏழைத்தாய், சமுதாயம், சூளுரை, எல்லாம் ஒரே தட்டில் போயிற்று. வெள்ளைத் திரை. மணி பதினொன்றே முக்கால். ஐயோ என்று இருந்தது, நன்றாகவும் இருந்தது, பல் பிடுங்கினபிறகு நாக்கு அந்தப் பள்ளத்தைத் தேடிப்போகுமே அப்படி.

முபீனா தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்த மேலே வந்தாள். வெள்ளைத் திரையைப் பார்த்தாள். “அழிச்சிட்டியா. நான் சும்மா வெளாட்டுக்குல்லா சொன்னேன்.” நான் இசக்கியைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருஷமாக ஒரே அறையில் தூங்குகிறோம், இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் துண்டைத் தோளில் போட்டபடி நின்று கேட்டாள், நடுவில் ஒரு தடவை என் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள், திரும்ப வந்து கேட்டாள். “இத எழுது,” என்றாள். “எழுதலாம்லா?” என்றேன். “எழுது. ஆனா அந்தப் பிள்ளை பேரப் போடப்போறியே, அவட்ட கேக்க வேண்டாமா?” பேரை மாற்றிவிடலாம் என்றேன். மாரி, பேச்சி, எதையாவது வைத்தால் போயிற்று. “ஏற்கெனவே ஒரு அம்மாவ அழவச்சாச்சு. இப்ப இவ பேரயும் மாத்தப்போற,” என்று சொல்லிவிட்டு முடியை உதறினாள், தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அவள் சொன்னால் மருந்துச் சீட்டில் அடிக்கோடு போட்ட மாதிரி இருக்கும். நம்பர் என்னிடம் இருக்கிறது. அதுதான் வேடிக்கை. அந்தப் போட்டியின் நுழைவுப் படிவத்திலிருந்து அன்றைக்கே எடுத்து இசக்கி ரெய்டர் என்று பதிந்து வைத்தேன், மூன்று போன் மாற்றிவிட்டேன், அந்த நம்பரும் கூடவே வருகிறது, ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. அழுத்தினால் என்ன சொல்வாள். உங்களாலதான் நான் கபடியையே விட்டேன் என்பாளோ. கல்யாணமாகிப் போயிருப்பாளோ. மாமியார் எடுத்தால் யாரென்று சொல்ல. அவளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது வேலை கிடைக்கவேண்டியது அந்த ஒரு தோல்வியால் கை நழுவியிருந்தால். இதைத்தான் நான் கேட்கப் பயந்தேன், மூன்று வருஷமும் இதைத்தான். முபீனா கீழே போகவில்லை. கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அழுத்தினேன்.

ரிங் போனது. நாலு. அஞ்சு. எடுத்த பக்கத்தில் ஒரே சத்தம், மைக், யாரோ டெஸ்டிங் டெஸ்டிங் என்கிறார்கள். “யாரு பேசுதது?” “நான் ஜெபசீலி. கபடி அம்பயர். கரிசல்பட்டி மேட்ச்ல—” “அம்பயரக்காவா? சொல்லுங்கக்கா. நான் கிரவுண்ட்லதான் நிக்கேன், ரெண்டாவது மேட்ச் எங்களது.” விடவில்லை. கபடியை விடவில்லை. எனக்கு நெஞ்சில் ஏதோ ஒரு சுமை பாதி இறங்கியது, மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன், சட்டக் கல்லூரி, கட்டுரை, அரையிறுதி, கடைசி ரெய்டு, முழங்கை, விசில், எல்லாவற்றையும் தலையும் வாலும் இல்லாமல் கொட்டினேன். “அன்னைக்கு உன் விரல்ல சுண்ணாம்பு இருந்துச்சு இசக்கி. நான் பார்த்தேன். பார்த்தும் மாத்தல. அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.” அந்தப் பக்கம் ஒரு நொடி மைக் சத்தம் மட்டும். அப்புறம் இசக்கி சிரித்தாள். நல்ல கனத்த சிரிப்பு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. “அக்கா, அது நான் பெறவு தேச்சது.” “என்னது?” “நீங்க விசில் ஊதுனப்புறம் எல்லாரும் எந்திக்காளுவல்லா, அப்ப கைய நீட்டிக் கோட்டத் தேச்சுட்டு வந்து உங்கட்ட காட்டுனேன். ஒரு சாண் கொறஞ்சு போச்சுக்கா. எட்டல.” “அப்ப ஏன் காட்டுன?” “சும்மா ஒரு முயற்சிதான். நீங்க மொகத்தப் பாத்தா நம்புத ஆளு மாதிரி இருந்தீங்க.” நான் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டேன், கல் ஈரம், அதுவும் உறைக்கவில்லை. முபீனா என்ன என்ன என்று கையால் கேட்கிறாள். “இசக்கி, அன்னைக்கு நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்,” என்றேன். “ஆமாக்கா, கேட்டிருக்கணும். நீங்க ஒண்ணுமே கேக்காமத் திரும்புனதுதான் எனக்குக் கோவம். ஆனா கேட்டிருந்தா தொட்டேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன், அதயும் சொல்லிருதேன்.” பேரைப் போடலாமா என்று கேட்டேன். “தாராளமாப் போடுங்க. ச. இசக்கியம்மாள்னு முழுசாப் போடுங்க. ரெய்டர்னு போடுங்க, ஆல்ரவுண்டர்னு போட்டுராதீங்க, அது எங்க டீம்ல வேற பிள்ளை, சண்டைக்கு வருவா. வைக்கேன்க்கா, கூப்புடுதாங்க.”

சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று கேட்டால் முதலில் விக்கல் வந்தது. முபீனா கீழே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள், நான் விக்கலுக்கு நடுவில் சொன்னேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எதிர்வீட்டுக்காரர் முருங்கைக்காய் பறிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மூன்று வருஷம். பேஸ்ட்டைப் பார்த்தால் பயந்த மூன்று வருஷம். என் தீர்ப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான் சரியாகப் பார்த்ததால் சரியாகவில்லை, குருட்டாம்போக்கில் சரி. சரியான தீர்ப்பைத் தப்பான முறையில் சொன்னவளை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது, அதற்கு விதிப்புத்தகத்தில் வரி கிடையாது. மணி பன்னிரண்டரை. எழுத உட்கார்ந்தேன், விரல்கள் தானாக ஓடின, செம்மண், முழங்கை, பச்சை வளையல், பஸ்ஸில் வாசித்த விதிப்புத்தகம், ஹாஸ்டல் கேட்டையும் போட்டேன். பிறகு ஒரு இடத்தில் நின்றது. அந்த ஒரு நொடி. நான் உறுத்துகிறது என்று சொன்னேன், அதற்கப்புறம் ஒரு நொடி மைக் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம்தான் சிரித்தாள். அந்த ஒரு நொடியில் என்ன செய்தாள். நினைத்துப் பார்த்தாளா, அல்லது ஐயோ பாவம் இந்த அக்கா என்று ஒரு கதையைக் கட்டினாளா. விரலில் சுண்ணாம்பைத் தேய்த்து ஏமாற்றத் தெரிந்த பிள்ளைக்கு, என்னைத் தேற்ற ஒரு பொய் சொல்லத் தெரியாதா. ஒரு சாண் என்றாள், அவ்வளவு கச்சிதமாக யாருக்கு ஞாபகம் இருக்கும், எனக்குப் பச்சை வளையல் ஞாபகம் இருக்கிறதே, அவளுக்கு ஒரு சாண் இருக்கக்கூடாதா. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம், களத்தில் நிற்பாள், கேட்டாலும் நிஜம்தான்க்கா என்பாள், நிஜமென்றாலும் அதைத்தான் சொல்வாள், பொய்யென்றாலும் அதைத்தான் சொல்வாள். இது முன்பு மாதிரி பயமுறுத்தவில்லை. சொல்லப்போனால் ருசியாக இருந்தது. ‘அல்லது’ என்ற சொல்லைப் பஸ்ஸில் முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. இப்படி உட்கார்ந்து உருட்டுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, மூன்று வருஷம், புத்தகமெல்லாம் கொடுப்பார்கள், பாஸானால் கறுப்புக் கோட்டு வேறு.

முபீனா பார்மசி கணக்கில் எண்ணினாள், மாத்திரை எண்ணுகிற மாதிரி, ஐந்தைந்தாக. “நானூத்தித் தொண்ணூத்தெட்டு. விட்டுரு. இனிமே கைவைக்காத.” மணி ஒன்றேமுக்கால். கட்டுரையை விண்ணப்பத்தில் அதற்கான பெட்டியில் ஒட்டினேன், பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், எல்லாம் ஏற்கெனவே நிரப்பியதுதான். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது, அதைக் காலையில் நான் கவனிக்கவில்லை. மேலே கூறியவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன். அதில் ஒரு டிக் அடித்தால்தான் அனுப்புகிற பொத்தான் பச்சையாகும். சாதாரணமாக எல்லோரும் வாசிக்காமல் அடிக்கிற டிக். கையைக் கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன். “என்ன?” என்றாள் முபீனா. “உண்மையாங்குறான்.” “உண்மைதான?” நான் கட்டுரைக்குத் திரும்பிப் போனேன். கடைசிப் பத்தியில், இசக்கியம்மாள் கோட்டைத் தொடவில்லை, என்று எழுதியிருந்தேன். அது எனக்கு எப்படித் தெரியும். முழங்கை மறைத்ததே. ‘தொடவில்லை’ என்பதற்குப் பின்னால் ‘என்று தன்னிடம் சொன்னாள்’ என்று சேர்த்தேன், தன்னிடம் இல்லை, என்னிடம், பதற்றத்தில் தப்பாக அடித்தேன், திருத்தினேன். இசக்கியம்மாள் தான் கோட்டைத் தொடவில்லை என்று என்னிடம் சொன்னாள். முபீனா தலையில் கைவைத்தாள். “நாலு சொல்லு கூடிட்டு. ஐநூத்தி ரெண்டு. மணி ஒண்ணு அம்பத்தி ரெண்டு.” இரண்டைக் குறைக்கவேண்டும். மேலே ஓடினேன், எங்கே கொழுப்பு இருக்கிறது என்று தேடினேன், ‘மிகவும்’ என்று ஒன்று கிடந்தது, தூக்கினேன், ‘உண்மையிலேயே’ என்று ஒன்று, அதையும் தூக்கினேன். ஐநூறு. மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து வாசித்தேன், பார்த்தது பார்த்ததாகவும் கேட்டது கேட்டதாகவும் தெரியாதது தெரியாததாகவும் இருந்தது, முபீனா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள், இருடி என்கிறேன், வாசித்து முடிக்கிறேன், ஒரு வரியில்கூட எனக்கு உறுத்தவில்லை. கட்டத்தில் டிக் அடித்தேன். பொத்தான் பச்சையானது.